மலைத் தண்ணியும் கரண்டு பில்லும்: நாடு சொன்ன 70 வீதம் எங்கே நிற்கிறது?

(தோட்ட வாசிகசாலையில் ஞாயிறு மாலை நடந்த குடும்பக் கூட்டத்தில் எமது நிதியத்தின் சார்பில் ஆற்றிய உரை. பேச்சு நடையை இயன்றவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



போன முறை சேமலாப நிதியைப் பற்றிப் பேசினோம். அன்றைக்கு வந்த கூட்டத்தில் பாதிதான் இன்று வந்திருக்கிறது. அதில் எமக்கு வருத்தமில்லை. "நாட்டின் காலநிலைக் கொள்கை" என்று நோட்டீசில் போட்டால் அது கொழும்பு ஐயாமார் பேசுகிற விடயம் என்றுதான் தோன்றும். வாசலில் ஓர் அம்மா கேட்டார்: "இதுல எங்களுக்கு என்னங்க இருக்கு? கரண்டு பில்லைப் பத்தி பேசுவீங்களா?" பேசுவோம் அம்மா. பில்லுக்குத்தான் வந்து சேரப் போகிறோம். கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருவோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நாடு என்ன வாக்குக் கொடுத்தது? 2015இல் பாரிஸ் நகரில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. பூமி சூடேறிக்கொண்டு போகிறது, அதைக் கட்டுப்படுத்த ஒவ்வொரு நாடும் தன்னால் ஆனதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இலங்கையும் 2016இல் அதில் உறுதியாகச் சேர்ந்தது. 2021இல் திருத்தி எழுதிக் கொடுத்த வாக்குறுதியில், 2030க்குள் நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்கு 70 பங்கு தண்ணீர், வெயில், காற்று போன்ற தீர்ந்து போகாதவற்றிலிருந்து வரும் என்று இருக்கிறது. புதிதாக நிலக்கரி மின்நிலையம் கட்டமாட்டோம் என்றும் இருக்கிறது. அதற்கு முன்பு மேடைகளில் 80 என்று பேசினார்கள். எழுத்தில் வரும்போது 70 ஆகிவிட்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, முடிந்ததைச் சொல்வதுதான் நல்லது.

ஒன்றை மறக்கக் கூடாது. உலகத்தைச் சூடேற்றியவர்களில் நாம் சின்ன ஆட்கள். இலங்கையில் ஆளுக்கு வருடத்தில் சுமார் ஒரு தொன் காபனீரொட்சைட்டுதான் கணக்கு. உலகச் சராசரி அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். அப்படியிருக்க நமக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நிலக்கரியும் டீசலும் இந்த மண்ணில் விளைவதில்லை. எல்லாம் டொலர் கொடுத்து வாங்குவது. டொலர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2022 மார்ச், ஏப்ரலில் கண்டோம். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்டு இல்லை. ஸ்டோரில் ஜெனரேட்டருக்கு டீசல் தேடி லொறி அலைந்தது, வாட்டிப் போட்ட கொழுந்து காத்துக் கிடந்தது. பிள்ளைகள் குப்பி விளக்கில் படித்தார்கள். ஆகவே தண்ணீருக்கும் வெயிலுக்கும் மாறுவது வெளிநாட்டானுக்காகச் செய்கிற உபகாரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம்முடைய அடுப்புக்கும் விளக்குக்கும் ஆன காரியம் இது.

சரி, 70இல் எவ்வளவு வந்திருக்கிறது? நல்ல மழை பெய்த வருடத்தில் பாதிக்குக் கிட்ட வருகிறது. மழை பொய்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் இறங்கிவிடும். அந்தப் பாதியில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? இந்த மலையிலிருந்துதான்.

விமலசுரேந்திரா என்ற பொறியியலாளர் 1918இலேயே லக்ஷபான நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதி வைத்தார். அப்போது கேட்பார் இல்லை. லக்ஷபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். அதற்குப் பிறகு 1960களில் காசல்ரீ, மவுசாக்கலை அணைகள் வந்தன. ஒரே தண்ணீர் மவுசாக்கலையிலிருந்து கெனியனுக்கு இறங்கி, அங்கிருந்து புதிய லக்ஷபானவுக்குப் போய், பிறகு பொல்பிட்டியவிலும் சக்கரத்தைச் சுற்றிவிட்டுத்தான் களனி ஆற்றில் போய்ச் சேருகிறது. பழைய மஸ்கெலியா டவுன் அந்த மவுசாக்கலைத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயில் தலை காட்டும். சனம் போய்ப் பார்க்கிறது, போட்டோ எடுக்கிறது. அந்தக் கோயில் வெளியே தெரிகிற நாட்களில்தான் கொழும்பில் டீசல் இயந்திரங்களை ஓட்ட உத்தரவு போகிறது என்பதை நினைவில் வையுங்கள். 2016, 2017 வறட்சியில் அப்படித்தான் ஆனது. நாட்டின் மின்சாரக் கொள்கை எப்படி இருக்கிறது என்று அறிய அறிக்கை படிக்கத் தேவையில்லை, மஸ்கெலியாவுக்குப் போய் அந்தக் கோயில் தெரிகிறதா என்று பார்த்தால் போதும் என்று நாம் பகிடியாகச் சொல்வதுண்டு.

பிறகு தலவாக்கலையில் மேல் கொத்மலை வந்தது. 150 மெகாவாட், 2012இல். சென் கிளயார் நீர்வீழ்ச்சியில் இப்போது பழைய தண்ணீர் இல்லை. லயத்திலும் டவுனிலும் இருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம் மாறிப் போனார்கள். உமா ஓயா திட்டம் 120 மெகாவாட், 2024இல் திறந்தார்கள். அதற்குச் சுரங்கம் தோண்டும்போது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றி, வீட்டுச் சுவர்கள் வெடித்தது ஊரறிந்த கதை. தண்ணீர் மின்சாரம் சுத்தமான மின்சாரம், அதை மறுக்க மாட்டோம். ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது, அந்த விலையை மலை கொடுத்தது.

இனிமேல் கட்டுவதற்குப் பெரிய ஆறு மிச்சமில்லை. பாதியிலிருந்து 70க்குப் போக வேண்டுமானால் வெயிலும் காற்றும்தான் வழி. நாடு எப்படி நடந்துகொண்டது என்று மதிப்பிட வேண்டிய இடம் இதுதான்.

வெயில் விடயத்தில் நாட்டைப் பாராட்டத்தான் வேண்டும். 2016இல் சூரிய பல சங்கிராமய என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். வீட்டுக் கூரையில் சோலார் தகடு போட்டு, மிஞ்சும் மின்சாரத்தை விற்கலாம். ஆரம்பத்தில் முதல் ஏழு வருடத்துக்கு யூனிட்டுக்கு 22 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். 2025க்குள் 1,000 மெகாவாட் என்பது இலக்கு. அதைத் தாண்டிவிட்டார்கள். அரசாங்கத் திட்டம் ஒன்று சொன்ன காலத்தில் சொன்னதற்கு மேல் வந்தது அபூர்வம். ஆனாலும் 1,000 என்றதும் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் 900ஐ விடப் பெரிது என்று நினைத்துவிடக் கூடாது. நிலக்கரி இரவும் பகலும் எரியும். சோலார் வெயில் உள்ள நேரம் மட்டும்தான். நாட்டு மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவை இன்னும் நுரைச்சோலைதான் தாங்குகிறது.

சிக்கல் வந்தது வேறு இடத்தில். உங்களுக்குத் தெரிந்த உதாரணமே சொல்கிறோம். மழை பெய்து வெயில் அடித்தால் மலையில் கொழுந்து குவியும். எல்லோரும் இரட்டை நிறை எடுத்து மடுவத்தில் கொண்டு வந்து கொட்டுவீர்கள். ஸ்டோரில் வாட்ட இடம் போதாவிட்டால்? கொழுந்து நாளைக்கு வரை காத்திருக்காது, சூடேறிக் கெட்டுப் போகும். மின்சாரமும் அதேதான். உண்டாகும் நொடியிலேயே செலவாக வேண்டும். நண்பகலில் சோலார் குவிகிறது, வாங்க ஆளில்லை. இரவு ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கு, டீவி, ரைஸ் குக்கர். அப்போது வெயில் இல்லை.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்கு முன் நாடு முழுக்க கரண்டு போனது நினைவிருக்கிறதா? பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் என்று சொன்னார்கள். நாடே சிரித்தது. குரங்கு பாய்வது புதிதல்ல, இங்கே நம் கூரைமேல் தினமும் பாய்கிறது. அன்றைக்கு ஞாயிறு, வேலைத்தலங்கள் மூடியிருந்தன, பாவனை குறைவு, கணிசமான மின்சாரம் சோலாரிலிருந்து வந்துகொண்டிருந்தது. பெரிய மின்நிலையங்களில் பாரமான சக்கரங்கள் சுற்றுகின்றன. ஓர் அடி பட்டாலும் அந்தப் பாரம் தாங்கிக்கொள்ளும். அந்தச் சக்கரங்கள் குறைவாக ஓடிய நேரத்தில் அடி பட்டது, முழுத் தொகுதியும் விழுந்தது. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டுக்கு, விடுமுறையில் பாவனை குறையும் என்று, கூரைச் சோலார் வைத்திருப்போரைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். கையில் வந்த வெயிலை வேண்டாம் என்று சொன்ன நிலை!

தகடுகளை அவசரமாகப் போட்டார்கள், சேமித்து வைக்கும் ஏற்பாட்டைத் தாமதித்தார்கள் என்பதே எமது அபிப்பிராயம். பெரிய மின்கலங்கள் வைப்பதற்குக் கேள்விப்பத்திரம் கோரியது 2025இல்தான். அரநாயக்கப் பக்கம் மஹா ஓயாவில் பகலில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, இரவில் கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் 600 மெகாவாட் திட்டம் ஒன்று நெடுங்காலமாகப் பேச்சில் இருக்கிறது. அது வந்திருந்தால் புத்தாண்டில் யாரும் தகட்டை அணைக்க வேண்டி வந்திராது.

காற்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மன்னாரில் 2020 டிசம்பரில் தம்பபவனி என்ற 103.5 மெகாவாட் காற்றாலை தொடங்கினார்கள். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் போட இருந்த அதானி நிறுவனம், விலை விவகாரத்தில் இழுபட்டு 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே வருடம் மன்னார் சனங்கள் இன்னும் கோபுரங்கள் வேண்டாம் என்று வீதியில் இறங்கினார்கள். மீனவர் கேட்டது ஒன்றுதான்: எங்களிடம் ஏன் முதலில் கேட்கவில்லை? தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் நம்மவர் கேட்டதும் அதையேதான்.

கேட்காமல் செய்கிற பசுமைக் காரியம் எப்படி முடியும் என்பதற்கு நமக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்தார்கள். இயற்கை உரம் நல்லதுதான். ஆனால் மாற்று உரம் எங்கே, தேயிலைக்கு எவ்வளவு தேவை என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. சில மாதங்களில் தடையை நீக்கினாலும் செடி மன்னிக்கவில்லை. 2021இல் சுமார் 300 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை 2022இல் 251 மில்லியனுக்கு இறங்கியது. யாருடைய பேர் குறைந்தது என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அம்மா கேட்ட பில்லுக்கு வருவோம்.

2022 ஆகஸ்டுக்கு முன்பு, மாதம் 30 யூனிட் பாவிக்கிற வீட்டுக்கு யூனிட் இரண்டரை ரூபாய், நிலையான கட்டணம் 30 ரூபாய். மொத்தம் 105 ரூபாய். ஆகஸ்டில் யூனிட் 8 ரூபாய், நிலையான கட்டணம் 120 ஆனது. மொத்தம் 360. 2023 பெப்ரவரியில் யூனிட் 30 ரூபாய், நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,300 ரூபாய். அன்றைக்கு ஒரு பேருக்குச் சம்பளம் 1,000 ரூபாய்தான். இரண்டு விளக்கும் ஒரு ரேடியோவும் எரிய ஒரு பேருக்கு மேல் போனது. 2023 ஜூலையில் அதை வெகுவாகக் குறைத்தார்கள், அதன் பின்னும் ஏறி இறங்கியிருக்கிறது. ஆனாலும் அந்த மாதங்களில் கட்ட முடியாமல் வயர் வெட்டுப்பட்ட வீடுகள் நம்மிடையே உண்டு.

மலிவாகப் பாவித்தவனுக்குத்தான் அதிக மடங்கு ஏறியது. வசதியுள்ளவன் என்ன செய்தான்? கூரையில் சோலார் போட்டான். அவன் பில் இறங்கியது, சில இடங்களில் மாதம் பணமும் வந்தது. அவன்மேல் பொறாமை இல்லை. அவன் போட்ட தகடும் நாட்டுக்கு நல்லதுதான். ஆனால் அந்த வழி நமக்குத் திறந்திருக்கிறதா?

சோலார் போட ஒரு கூரை வேண்டும். லயத்துக் கூரை யாருடையது? தோட்டத்தினுடையது. தகரம் துருப்பிடித்து, காற்றுக்குப் பறக்காமல் கல்லும் மண் மூட்டையும் ஏற்றி வைத்திருக்கிறோம். அதில் தகடு நிற்காது. அடுத்து, மின்சாரக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். சில லயங்களில் கணக்கு இறந்து போன தாத்தா பெயரில், சிலவற்றில் தோட்டத்தின் பெயரில். ஒரு மீற்றரிலிருந்து இரண்டு மூன்று காம்பராவுக்கு இழுத்திருப்பதும் உண்டு. அப்படி இழுத்தால் எல்லாருடைய யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து மேல் விலைக்கு ஏறிவிடும். அதாவது 30 யூனிட் பாவிக்கிறவர் 90 யூனிட்காரரின் விலையைக் கொடுக்கிறார். கடைசியாக, வங்கிக் கடனுக்கு உறுதி கேட்பார்கள். காணி உறுதி நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

2025 ஏப்ரலில் இந்திய உதவியோடு நாடெங்கும் 5,000 வழிபாட்டுத் தலங்களின் கூரைகளுக்குச் சோலார் என்று ஒரு திட்டம் தொடங்கி வைத்தார்கள். நல்லது, மாரியம்மனுக்கு வெளிச்சம் கிடைக்கட்டும். கும்பிடப் போகிற சனத்தின் கூரையையும் அடுத்த தடவை யாராவது அண்ணாந்து பார்த்தால் சந்தோஷம்.

நம் ஓடைகளின் கணக்கும் இருக்கிறது. வெள்ளைத்துரை காலத்திலேயே பல தோட்டங்களில் ஸ்டோருக்கு ஓடைத் தண்ணீரால் சக்கரம் சுற்றி மின்சாரம் எடுத்தார்கள். பெரிய மின்கம்பி வந்ததும் அவை கைவிடப்பட்டன. 1990களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் கம்பனிகள் சிறு நீர்மின் நிலையங்களைக் கட்டி அரசுக்கு விற்கத் தொடங்கின. இன்று அவை எல்லாம் சேர்ந்து 400 மெகாவாட்டுக்கும் மேல். நாட்டின் பசுமைக் கணக்கில் அது பெருமையான வரி. அவற்றில் பல தோட்டத்து ஓடைகளில் இருக்கின்றன. பீலியில் தண்ணீர் மெலிந்து போன லயத்துக்கு அந்த வருமானத்திலிருந்து ஒரு பைப் போட்டுக் கொடுத்தால் கம்பனி கெட்டுப் போகாது.

அடுப்பையும் சொல்ல வேண்டும். நாட்டின் மொத்தச் சக்திக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு அளவு விறகு போன்றவைதான். கவ்வாத்து மிலாறு கட்டிச் சுமந்து வருகிற தாய்மாரின் முதுகு அந்தக் கணக்கில் எங்கும் எழுதப்படவில்லை. 2022 ஏப்ரலில் பெரிய கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாய் ஆனபோது, கேஸுக்கு மாறியிருந்த வீடுகளும் மிலாறுக்கே திரும்பின. புகை குறைந்த அடுப்பும், சுவரில் புகை போகும் குழாயும் பெரிய செலவல்ல. மாநாடுகளில் பேசுகிற காலநிலைக் கொள்கையில் இது ஒரு வரியாவது வர வேண்டும்.

மழையைப் பற்றி நீங்கள் எங்களுக்குச் சொல்லித் தரலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக இடம் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை சரிந்ததே பெரும் காரணம். சூடான கடல் அதிக ஈரத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது, அது ஒரே நாளில் கொட்டுகிறது. நாடு 70 வீதத்தை எட்டினாலும் அந்த மழை நிற்கப் போவதில்லை, ஏனென்றால் சூடேற்றியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். ஆகவே ஆபத்தான சரிவில் உள்ள லயத்தை இடம் மாற்றுவதும் காலநிலைக் கொள்கைதான். அந்தப் பாடத்தில் நாடு இன்னும் தேறவில்லை என்றே நாம் சொல்வோம். சோலாரில் நல்ல புள்ளி, நிலக்கரியை நிறுத்தியதில் நல்ல புள்ளி. 2016இல் சம்பூர் நிலக்கரித் திட்டத்தைக் கைவிட்டு, அதே சம்பூரில் 2025 ஏப்ரலில் சோலார் வேலை தொடங்கியது உண்மையிலேயே நல்ல மாற்றம். சேமிப்பில் குறைந்த புள்ளி. லயத்துக்கு வந்தால் கிட்டத்தட்ட வெறும் தாள்.

செய்யக்கூடியது என்ன? தனி வீட்டுத் திட்டம் வருகிற தோட்டங்களில், வீடு கட்டும்போதே தகடு தாங்கும் கூரை, வீட்டுக்கொரு மீற்றர், பெண்ணின் பெயரும் சேர்ந்த உறுதி ஆகியவற்றைக் கேளுங்கள். கட்டி முடிந்த பிறகு கேட்டால் நடக்காது. லயங்களில் இருப்பவர்கள் முதலில் மீற்றர் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பொதுக் கூரை, அதாவது பிள்ளை மடுவம், ஸ்டோர், பள்ளிக்கூடம் இவற்றில் தகடு போட்டு அந்த வருமானத்தை லயத்துப் பில்லுக்குக் கழிக்கலாமா என்று தோட்ட நிருவாகத்திடம் எழுத்தில் கேட்க ஒரு கடிதம் தயாரித்திருக்கிறோம்.

கட்டணம் மாற்றுவதற்கு முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கும். எழுதியும் அனுப்பலாம், நேரில் போயும் சொல்லலாம். கொழும்பிலிருந்து கம்பனிக்காரரும் சோலார் விற்பவரும் போய்ப் பேசுகிறார்கள். நம்மவர் குரல் அங்கே போதாது. அடுத்த அறிவித்தல் பத்திரிகையில் வந்ததும் வாசிகசாலைப் பலகையில் ஒட்டுவோம். உங்கள் பெயரில் தமிழில் எழுதித் தருவோம், நீங்கள் வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வையுங்கள். அதற்கு இப்போதே கடைசி மூன்று மாதப் பில், அடையாள அட்டை, லயத்து இலக்கம் மூன்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். ஒரு மீற்றரில் எத்தனை காம்பரா ஓடுகிறது என்பதையும் உண்மையாக எழுதுங்கள். யாரையும் காட்டிக்கொடுக்க அல்ல, தனி மீற்றர் கேட்பதற்கு.

கேள்வி இருந்தால் கேளுங்கள். பின்னால் இருக்கிற தம்பி கையைத் தூக்குவது தெரிகிறது. தேத்தண்ணியும் வருகிறது, குடித்துக்கொண்டே பேசுவோம்.